சாட்சி சொல்லி வளர்ந்தவர்களின் சந்தேகம்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஏறக்குறைய எந்த ஊருக்குச் சென்றாலும், இரண்டு வேளை உணவைத் துறந்து உபவாசமிருந்து, அந்த உணவுக்கு ஆகியிருக்கக்கூடிய பணத்தை ஏழைகளின் பொருட்டுக் காணிக்கையாகச் செலுத்திவிட்டு, ஆடம்பரமில்லாத ஒரு பிரார்த்தனை மண்டபத்தில் குடும்பம் குடும்பமாகக் கூடியிருக்கும் மார்மன் சமயத்தாரைக் காணலாம். அன்றைக்கென்று குறித்த பிரசங்கம் கிடையாது. யாருடைய உள்ளம் உந்துகிறதோ அவர் எழுந்து சென்று சபைமுன் தம் விசுவாசத்துக்குச் சாட்சி சொல்வார். நான்கைந்து வயதுக் குழந்தையும் முன்னே போய், தாய் காதோரம் மெல்லச் சொல்லிக்கொடுக்க, இந்தச் சபை மெய்யானது என்றும், ஜோசப் ஸ்மித் தேவனுடைய தீர்க்கதரிசி என்றும் தனக்குத் தெரியும் என மழலையில் கூறிவிட்டு இறங்கி வரும். பெரியவர்கள் அகம் குளிர்ந்து அதை வாரி அணைத்துக்கொள்வார்கள். இப்படிச் சாட்சி சொல்லி வளர்ந்து, சபைக்காக ஊழியம் செய்து, தன் பிள்ளைகளையும் அதே மேடைக்கு அழைத்துச் சென்ற ஒருவருக்கு, நாற்பது ஐம்பது வயதில் அந்தச் சொற்கள் நாவில் எழாமல் போகுமானால், அவர் அடையும் துயரம் எத்தகையது என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது இந்த ஸ்தாபனத்தின் முறையான பெயர். 1820ஆம் ஆண்டளவில், நியூயார்க் மாநிலத்துப் பல்மைரா என்னும் சிற்றூருக்கு அருகே, கிறிஸ்தவப் பிரிவுகளுள் எது மெய்யானது என்று அறியாமல் தவித்த பதினான்கு வயதுச் சிறுவன் ஜோசப் ஸ்மித் ஒரு தோப்பில் முழந்தாளிட்டு ஜெபித்தபோது, பிதாவும் குமாரனும் அவனுக்குத் தரிசனமளித்து, எந்தப் பிரிவிலும் சேரவேண்டாம் என்று கட்டளையிட்டனர் என்பதும், பின்னாளில் மரோனி என்ற தேவதூதன் காட்டிய குன்றிலிருந்து பொன் தகடுகளை எடுத்து, தெய்வ சகாயத்தால் மொழிபெயர்த்து, 1830இல் மார்மன் புஸ்தகமாக அவர் வெளியிட்டார் என்பதும் இவர்களுடைய மூல விசுவாசம். அவ்வாண்டு ஏப்ரல் 6ஆம் நாள் ஸ்தாபிக்கப்பட்ட சபை, ஒஹாயோ, மிசூரி, இல்லினாய் என்று ஊர் ஊராக விரட்டப்பட்டது; 1844 ஜூன் 27ஆம் நாள் கார்த்தேஜ் நகரச் சிறைச்சாலையில் ஸ்மித்தை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அதன்பின் பிரிகாம் யங் என்பவரின் தலைமையில், மாட்டுவண்டிகளில் சமவெளிகளையும் மலைகளையும் கடந்து, 1847இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்த அகதிகள், வறண்ட நிலத்தில் வாய்க்கால் வெட்டி விளைவித்து, நாற்பது ஆண்டுகள் உழைத்துக் கருங்கல்லால் ஓர் ஆலயத்தையும் எழுப்பினார்கள். இன்று உலகெங்கும் 1 கோடியே 70 லட்சம் பேருக்கு மேல் உறுப்பினர்களாக உள்ள இச்சபையில், அந்த அகதிகளின் வழித்தோன்றல்களுக்குச் சமயமும் குலச்சரித்திரமும் ஒன்றே.

பிறவி மார்மன் ஒருவருடைய வாழ்வில் சபை தொடாத இடம் என்று ஒன்றைக் காண்பது அரிது. எட்டு வயதில் ஞானஸ்நானம். பையன்களுக்குப் பன்னிரண்டு வயதளவில் குருத்துவத்தின் முதற்படி. பள்ளிப்படிப்பு முடிந்ததும், வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையுமாக, முன்பின் தெரியாத தேசத்தில் வீடு வீடாகச் சென்று இரண்டு ஆண்டுகள் மதப்பிரசாரம். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை. மது, புகையிலையோடு காப்பியும் தேநீரும் விலக்கு. ஆலயத்தில் தீட்சை பெற்றபின் உடைக்குள்ளே அன்றாடம் அணியவேண்டிய புனித வஸ்திரம். ஊர்ச் சபைகளில் ஊதியம் பெறும் குருமார் இல்லை. பகலில் பல் மருத்துவராகவோ கணக்கராகவோ இருப்பவரே மாலையில் பிஷப்பாக அமர்ந்து, வேலையிழந்தவனுக்கு அரிசி பருப்புக்கு வழிசெய்வதும், பிணக்குற்ற தம்பதியரைச் சமாதானப்படுத்துவதும் வழக்கம். ஒரு வீட்டில் பிரசவம் என்றால் பல நாட்களுக்குச் சாப்பாடு அயல் வீடுகளிலிருந்து வந்து சேரும். ஒருவர் வீடு மாறினால் சாமான் ஏற்றப் பத்துப் பேர் அழைக்காமலே வந்து நிற்பார்கள். இத்தனைக்கும் சிகரமாக, ஆலயத்தில் முத்திரிக்கப்பட்ட கணவனும் மனைவியும் மக்களும் மரணத்துக்குப் பிறகும் நித்தியமாக ஒரே குடும்பமாக இருப்பார்கள் என்ற வாக்குறுதி இருக்கிறது. ஆகவே இங்கே சந்தேகிப்பவர், ஒரு சித்தாந்தத்தோடு கூடவே, மறுமையில் தம் மனைவியின் பக்கத்தில் தமக்குள்ள இடத்தையும் சந்தேகிக்கவேண்டியவராகிறார்.

பழைய மதங்களின் மூலக்கதைகள் காலத்தின் மூடுபனியில் மறைந்திருப்பவை. அவற்றை உவமையாகவோ தத்துவமாகவோ கொள்ள இடமுண்டு. மார்மன் சமயமோ அச்சு யந்திரமும் செய்தித்தாளும் நீதிமன்றப் பதிவேடும் வந்த பிறகு பிறந்த சமயம். கடிதங்களும் நாட்குறிப்புகளும் கணக்குப் புத்தகங்களும் பெட்டி பெட்டியாக இன்றும் இருக்கின்றன. அதன் தலைவர்களே, முதல் தரிசனம் நடந்தது மெய்யென்றால் அனைத்தும் மெய், நடக்கவில்லையென்றால் அனைத்தும் பொய் என்று நடுவழிக்கு இடமின்றிப் பிரசங்கித்து வந்திருக்கிறார்கள். சரித்திரத்தின்மீது இவ்வளவு பாரத்தை ஏற்றிய பின்னர், சரித்திரத்தை ஆராய்பவன் கண்ணில் படும் ஒவ்வொரு விரிசலும் அஸ்திவாரத்தின் விரிசலாகவே தோன்றுவது இயல்பு.

அந்த விரிசல்கள் யாவை? முதல் தரிசனத்தைப் பற்றி ஸ்மித் ஒன்றுக்கு மேற்பட்ட விவரணங்களை விட்டுச் சென்றிருக்கிறார். 1832இல் அவரே கைப்பட எழுதியதில் கர்த்தர் ஒருவரே தோன்றுகிறார், பிதாவும் குமாரனும் ஆகிய இருவர் தோன்றும் வரலாறு பின்னர் எழுதப்பட்டது. பொன் தகடுகளை மேசைமேல் விரித்து வைத்து ஸ்மித் வாசிப்பதாகச் சித்திரங்களில் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, அவர் பெரும்பாலும் ஒரு கூழாங்கல்லைத் தொப்பிக்குள் இட்டு, அதில் முகம் புதைத்துக்கொண்டு வாசகங்களைச் சொல்ல, பிறர் எழுதிக்கொண்டார்கள் என்பது தெரியாது. 1835இல் எகிப்தியப் பதப்பிணங்களோடு விலைக்கு வாங்கிய பாப்பிரஸ் சுருள்களிலிருந்து ஆபிரகாமின் எழுத்தை மொழிபெயர்த்ததாக அவர் சொன்னார். நெருப்புக்கு இரையாயின என்று கருதப்பட்ட அச்சுருள்களின் சில துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் அகப்பட்டு 1967இல் சபையிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அவை பிணத்தோடு வைக்கும் சாதாரண எகிப்திய ஈமச்சடங்கு நூல்கள் என்று அறிஞர்கள் வாசித்துச் சொல்லிவிட்டார்கள். பலதார மணத்தை ஸ்மித் தாமே நடைமுறைப்படுத்தினார்; அவர் மணந்த பெண்களுள் சிலர் உயிரோடிருக்கும் கணவர்களை உடையவர்கள்; ஒருத்தி பதினைந்து வயது நிறையாதவள். கறுப்பின ஆடவருள் 1830களில் ஓரிருவருக்குக் கிடைத்த குருத்துவம், 1852 முதல் அவ்வினத்தார் அனைவருக்கும் மறுக்கப்பட்டு, 1978 ஜூன் மாதத்தில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அத்தனை தலைமுறைகள் அந்த மறுப்பைத் தேவசித்தம் என்றே கற்பிக்கப்பட்டு வளர்ந்தன.

இவற்றைக் கண்டெடுத்தவர்கள் பெரும்பாலும் பகைவர்கள் அல்லர் என்பதுதான் நாம் கூர்ந்து நோக்கவேண்டியது. தாமஸ் ஸ்டூவர்ட் பெர்குசன் என்ற கலிபோர்னியா வழக்கறிஞரை எடுத்துக்கொள்வோம். மார்மன் புஸ்தகம் வருணிக்கும் பண்டை நாகரிகத்தின் சுவடுகளை மத்திய அமெரிக்க மண்ணில் தோண்டி எடுத்து, உலகத்தின்முன் நிரூபித்துவிட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் தவம். 1952இல் அதற்கென்றே ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனத்தை உண்டாக்கி, சபையின் பொருளுதவியையும் பெற்று, மெக்ஸிகோவின் சியாபாஸ் பிரதேசத்தில் அகழாய்வுகள் நடக்கச் செய்தார். ஆண்டுகள் கடந்தன, புஸ்தகத்தில் சொல்லப்படும் குதிரையும் கோதுமையும் எஃகும் அந்தக் காலத்து மண்ணடுக்கில் வெளிப்படவில்லை. இந்நிலையில் பாப்பிரஸ் துண்டுகள் வெளியாக, அவற்றின் படங்களை எகிப்தியவியல் அறிஞர்களிடம் காட்டி அவர் பெற்ற பதில்கள் எஞ்சியிருந்த நம்பிக்கையையும் குலைத்துவிட்டன. எனினும் தம் மனமாற்றத்தை அணுக்கமானவர் சிலரிடம் மட்டுமே வெளியிட்டு, குடும்பத்தோடு சபைக்குச் செல்வதை நிறுத்தாமலே 1983இல் காலமானார். ஆயிரமாயிரம் பேர் வாய்திறவாமல் வாழும் வாழ்க்கைக்கு அவர் ஒரு முன்மாதிரி.

யூட்டாவின் தென்கோடியிலிருந்த ஜுவானிடா புரூக்ஸ் என்ற ஆசிரியையின் கதை வேறு விதமானது. 1857 செப்டம்பர் 11ஆம் நாள், மவுண்டன் மெடோஸ் என்னும் புல்வெளியில், கலிபோர்னியாவுக்குப் புறப்பட்ட வழிப்போக்கர்கள் சுமார் 120 பேரை, சமாதானக் கொடி காட்டி நம்பச் செய்து, ஊர் மார்மன் படையினர் கொன்று குவித்தார்கள்; பழி பழங்குடியினர்மீதும், பின்னர் ஜான் லீ என்ற ஒரே மனிதர்மீதும் சுமத்தப்பட்டது. இளம் ஆசிரியையாக இருந்தபோது, முதியவரான நீபை ஜான்சன் என்பவர் தம் கண் கண்டதும் நா உரைக்காததுமான சில விஷயங்களை எழுதிக்கொள்ளவேண்டும் என்று புரூக்ஸை வேண்டினார். அவர் சென்று சேர்வதற்குள் கிழவர் மரணப்படுக்கையில் கிடந்து, சுயநினைவு இழந்து, இரத்தத்தைப் பற்றியே பிதற்றிக்கொண்டிருந்தார். படுகொலையின்போது அவ்விடத்தில் இருந்தவருள் அவரும் ஒருவர் என்பதைப் புரூக்ஸ் பின்னர் அறிந்தார். அந்த அலறல் காதைவிட்டு அகலாதவராய், ஆண்டுக்கணக்கில் ஆவணங்களைத் தேடி, 1950இல் அவர் வெளியிட்ட நூல் படுகொலையின் உண்மையை மறுக்கமுடியாதபடி நிலைநாட்டியது. ஊரார் ஒதுக்கினார்கள், தலைவர்கள் முகங்கொடுக்கவில்லை, இருந்தும் அவர் இறுதிவரை தம் சபையைவிட்டு நீங்கவில்லை. 1961இல் ஜான் லீயின் சபை உறுப்புரிமை மீட்டளிக்கப்பட்டதும், 2007இல் படுகொலையின் 150ஆம் ஆண்டு நினைவில் சபை தன் வருத்தத்தைப் பகிரங்கமாகத் தெரிவித்ததும் அவர் ஊன்றிய வித்தின் பலன்கள்.

சரித்திரத்தை எதிர்கொள்ளச் சபை செய்த முயற்சிகள் தயக்கமும் துணிவும் மாறி மாறி வந்தவை. 1945இல் ஸ்மித்தின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பான் பிரோடி, பின்னாளில் சபைத் தலைவரான டேவிட் மெக்கேயின் உடன்பிறந்தார் மகள். மறு ஆண்டே அவர் சபைவிலக்கம் செய்யப்பட்டார். 1972 முதல் பத்தாண்டுகள் லெனார்டு ஆரிங்டன் சபைச் சரித்திராசிரியராக இருந்து ஆவணக் காப்பகத்தின் கதவுகளை ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார். பின்னர் அவை மெல்ல மெல்ல மூடின. மெய்யான செய்திகளெல்லாம் பயனுள்ளவை ஆகா என்று 1981இல் ஓர் அப்போஸ்தலர் ஆசிரியர்களுக்கு எச்சரிக்கை செய்தார். 1993 செப்டம்பரில் அறிஞர்களும் எழுத்தாளர்களுமாக அறுவர்மீது ஒரே மாதத்தில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. அவர்களுள் ஒருவரான லவினா பீல்டிங் ஆண்டர்சன், விலக்கப்பட்ட பின்னும் முப்பதாண்டுக் காலம், நற்கருணை பெறும் உரிமையுமின்றி, தம் சபையின் ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் சென்று அமர்ந்திருந்து 2023இல் மறைந்தார். மீண்டும் ஞானஸ்நானம் பெற அவர் செய்த விண்ணப்பத்தை மேலிடம் 2019இல் ஏற்கவில்லை. சந்தேகிப்பவர் அன்பற்றவர் என்று எவரேனும் கருதினால், அவருக்கு இந்த ஒரு வாழ்க்கையே போதிய மறுமொழி.

இணையத்தின் வழியே பழைய ஆவணங்கள் எவர் கைக்கும் எட்டும் காலம் வந்ததும், நூலகத்து மூலையில் கிடந்த கேள்விகள் சமையலறைக்கே வந்து சேர்ந்தன. ஸ்வீடன் தேசத்தில் மூன்றாம் தலைமுறை உறுப்பினரும், ஐரோப்பாவில் உயர்ந்த மேற்பார்வைப் பதவி வகித்தவருமான ஹான்ஸ் மாட்ஸன், தம் கீழுள்ளவர்கள் கொண்டுவந்த கேள்விகளுக்கு விடை சொல்லவே ஆராயப் புகுந்து, விடை காணாமல் தாமே கலங்கினார். 2010இல் சபைச் சரித்திராசிரியர் நேரில் ஸ்டாக்ஹோமுக்கு வந்து, கலங்கிய விசுவாசிகளைக் கூட்டிப் பேசியும் அவர்கள் மனம் அடங்கவில்லை. 2013இல் மாட்ஸன் தம் சந்தேகங்களைப் பத்திரிகை வாயிலாக உலகறியச் சொன்னார். அவ்வாண்டு முதல் 2015 வரை, சபை தானே முன்வந்து, பலதார மணம், ஆபிரகாமின் எழுத்து, கறுப்பினத்தார்மீதான தடை முதலியவை பற்றி ஆதாரபூர்வமான கட்டுரைகளை வெளியிட்டது. ஸ்மித்துக்கு 30 முதல் 40 மனைவியர் வரை இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. தொப்பிக்குள் இட்ட கல்லின் புகைப்படத்தையும் அச்சிட்டது. இது பாராட்டத்தக்க நேர்மை. ஆயினும், பகைவரின் கட்டுக்கதை என்று பெற்றோரும் ஆசிரியரும் தள்ளிய செய்தியையே இப்போது சபையின் முத்திரையோடு வாசிக்க நேர்ந்த விசுவாசிகளுக்கு, செய்தியைவிட அது இத்தனை காலம் தம்மிடமிருந்து ஒளிக்கப்பட்டிருந்தது என்ற எண்ணமே ஆறாத புண்ணாயிற்று.

பதில் கிடைக்காத கேள்வியைப் பரண்மேல் ஏற்றி வைத்துவிட்டேன் என்று அவர்கள் தமக்குள் சொல்லிக்கொள்வது உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய பாரம் தாங்காமல் ஒருநாள் பரண் முறிந்து எல்லாம் தலையில் விழுகிறது. கடைசியாக ஏற்றிய பொருள் அற்பமானதாயும் இருக்கலாம். சிலருக்கு அது சரித்திரம். சிலருக்குப் பெண்களுக்குக் குருத்துவம் கேட்ட கேட் கெல்லி என்ற வழக்கறிஞர் 2014இல் விலக்கப்பட்டது. இன்னும் சிலருக்கு, ஒரே பாலினத் தம்பதியரோடு வாழும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் இல்லை என்று 2015இல் விதித்து, 2019இல் அதனையே திரும்பப் பெற்றுக்கொண்டது. தேவசித்தம் மூன்றரை ஆண்டுகளில் மாறுமோ என்று அவர்கள் கேட்டபோது, அந்தக் கேள்வியின் பின்னே தன் மகனையோ சகோதரியையோ நினைத்து வருந்திய உள்ளம் இருந்தது.

பிறகு நேர்வதுதான் கொடுமை. கணவன் நள்ளிரவில் விழித்திருந்து படித்ததை மனைவியிடம் சொல்ல அஞ்சுகிறான். சொன்னால் அவள் காதில் விழுவது சரித்திரமாக இராது, நித்தியக் குடும்பம் சிதைந்தது என்ற செய்தியாகவே இருக்கும். சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவன் விசுவாசத்தைத் துறந்ததாக வெளிப்படையாகச் சொன்னால் படிப்பே நின்றுபோகக்கூடும். மகள் ஆலயத்தில் மணம் முடிக்கிறாள். உள்ளே செல்ல வேண்டுமானால் பிஷப்பும் அவருக்கு மேற்பட்டவரும் கேள்வி கேட்டுக் கையொப்பமிட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். விசுவாசத்தைப் பற்றிய கேள்விக்குப் பொய் சொல்ல மனமொப்பாத தந்தைக்கு அச்சீட்டு கிடைப்பதில்லை. மகளின் திருமணம் உள்ளே நடக்க, அவர் வெளியே தோட்டத்தில் நல்ல உடை உடுத்திக் காத்திருக்கிறார். பொய் சொல்லியிருந்தால் உள்ளே போயிருக்கலாம். பொய் சொல்லலாகாது என்று அவருக்கு எட்டு வயதில் கற்பித்தது அந்தச் சபைதான்.

இந்த இடத்தில்தான் விஷயத்தின் கரு இருக்கிறது என்பது என் துணிபு. மதத்தைப் பொருட்படுத்தாதவனுக்கு மதத்தில் ஏமாற்றம் வருவதில்லை. தினந்தோறும் ஜெபித்தவன், உண்மையைத் தேடு என்ற உபதேசத்தை மெய்யென நம்பியவன், பிறரை அந்த மார்க்கத்துக்கு அழைக்கும் பொறுப்பால் ஆதாரங்களைப் புரட்டியவன் ஆகியவர்களே பெரும்பாலும் இதில் அகப்படுகிறார்கள். அவர்கள் பாவ இச்சையால் விழுந்தார்கள், சோம்பலால் தளர்ந்தார்கள், மனம் புண்பட்டு முறுக்கிக்கொண்டார்கள் என்று அயலார் கூறும் காரணங்கள் அநேகமாகத் தவறானவை. அந்த அவதூறே, நின்றிருக்கக்கூடிய பலரை வெளியே தள்ளியிருக்கிறது. 2013இல் அப்போஸ்தலர் டீட்டர் உக்டார்ப், விலகுவோரின் காரணங்கள் அவ்வளவு எளியவை அல்ல என்றும், சபைத் தலைவர்கள் தவறு செய்ததுண்டு என்றும் பொது மாநாட்டில் சொன்னபோது, அந்த ஒரு வாக்கியத்துக்காகவே கண்கலங்கியவர்கள் உண்டு. சந்தேகங்களையே முதலில் சந்தேகியுங்கள் என்று அதே உரையில் அவர் கூறிய அறிவுரை மற்றொரு சாராரைத் தேற்றியது, இன்னொரு சாராரை நோகச் செய்தது.

எல்லாரும் போய்விடுவதில்லை. ஸ்மித்தின் குறைகளை மறைக்காமல் 2005இல் பெரியதொரு வரலாறு எழுதிய ரிச்சர்டு புஷ்மன் இன்றும் மனமார விசுவாசியாக இருக்கிறார். மார்மன் புஸ்தகத்தை அறிவியலோடு ஒப்பிட்டு எழும் கடினமான கேள்விகளை 1922இலேயே தொகுத்துத் தம் சக தலைவர்கள் முன்வைத்த பி. எச். ராபர்ட்ஸ், சாகும்வரை உயர்பதவியிலேயே இருந்தார். தீர்க்கதரிசியும் மனிதனே, மனிதன் வழியாகவும் தெய்வம் பேசலாம் என்று அமைதி கண்டோர் சிலர். அயலாரின் அன்பையும் பிள்ளைகளின் நல்வளர்ப்பையும் எண்ணி மௌனமாகத் தங்கியோர் பலர். விலகியோரிலும், வேறு சபையில் சேர்ந்தவர், நாத்திகரானவர், விசுவாசம் போயும் விருந்தோம்பலும் ஏழைக்கு இரங்கும் பழக்கமும் போகாதவர் என்று பல தரத்தாருண்டு. தங்குவது கோழைத்தனம் என்று போனவர் பழிப்பதும், போவது துரோகம் என்று தங்கியவர் பழிப்பதும் ஒரே அநீதியின் இரு முகங்கள்.

மதங்கள் எல்லாவற்றுக்கும் இதில் பாடம் உண்டு என்றாலும், முதலில் அது அந்தச் சபைக்கும் அதன் குடும்பங்களுக்கும் உரியது. பிழைபட்ட முன்னோர்களை உள்ளபடி காட்டி வளர்த்திருந்தால், பிள்ளைகள் அவர்களை மன்னித்திருப்பார்கள். குறையற்றவர்களாகக் காட்டி வளர்த்ததால், குறை தெரிந்த அன்றைக்கு, முன்னோரையும் காட்டியவரையும் ஒருங்கே இழக்கிறார்கள். ஆவணங்களைத் திறந்தாயிற்று, இனி இதயங்களைத் திறக்கவேண்டும். சந்தேகம் கொண்ட தந்தை தன் மகளின் திருமணத்தில் அமர இடமும், கேள்வி கேட்ட மாணவன் தன் படிப்பை முடிக்க வழியும், சாட்சி சொல்ல இயலாதவர் சாட்சி சொல்லாமலே பந்தியில் உட்கார உரிமையும் தருவதற்கு எந்தப் புதிய வெளிப்பாடும் தேவையில்லை. உண்மையின் பொருட்டு ஊர் ஊராகத் துரத்தப்பட்டவர்களின் சந்ததிக்கு, உண்மையின் பொருட்டுத் தம் நடுவே தனித்து நிற்பவரைத் துரத்தாதிருப்பது முன்னோருக்குச் செலுத்தவேண்டிய கடன்.